அப்பாவின் ஹெரால்டு குடிக்கப் பழகிய கதை

எங்கள் வீட்டில் குடிக்கிறவர் யாரும் கிடையாது. அப்பா அந்தக் கால காங்கிரஸ். மதுவிலக்கு என்றால் உயிர். இருமலுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த டானிக்கை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல என்னமோ வாசம் வருதுங்க, வேற குடுங்க" என்று மருந்துக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தவர். அப்படிப்பட்டவர் ஆசையாக வைத்திருந்த கார், இன்றைக்கு பெட்ரோல் பங்க்குக்குப் போனால் லிட்டருக்கு 200 மில்லி ஆல்கஹால் போட்டுக்கொண்டு வருகிறது. டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லிதான், அதிலும் பாதிக்கு மேல் தண்ணீர். இங்கே தண்ணீர் என்ற பேச்சே இல்லை. பெட்ரோலில் கலப்பது 99 சதவீதத்துக்கும் மேலான சுத்தச் சரக்கு. டேங்க் சுமார் 30 லிட்டர் பிடிக்கும். நிரப்பினால் ஆறு லிட்டர் ஆல்கஹால், அதாவது முப்பத்து மூன்று குவார்ட்டர். குடும்ப மானம் அங்கேதான் போயிற்று.

கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-ல் டிரயம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்தது. மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்த உருவம். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இங்கேயே தயாரித்தது. கல்கத்தாவுக்கு அம்பாசிடர், பம்பாய்க்கு பியட், சென்னைக்கு ஹெரால்டு. அன்றைய இந்தியாவின் மொத்தக் கார் கடையும் அவ்வளவுதான். பியட்டுக்குப் பேர் பதிந்துவிட்டு வருசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்பாவுக்குக் காத்திருக்கப் பொறுமை இருந்தது, புதுக் கார் வாங்கக் காசு இல்லை. கோவையில் ஒரு பஞ்சு மில்லில் ஸ்டோர் கீப்பர் வேலை, கோபிப் பக்கம் கீழ்பவானி வாய்க்கால் பாய்கிற கொஞ்சம் கரும்புத் தோட்டம். 1969-ல் மில் ஆபீசர் ஒருவர் கைமாற்றிவிட்ட ஹெரால்டு, கரும்புக் காசில் எங்கள் வாசலுக்கு வந்தது.

அம்பாசிடர் வைத்திருந்த மாமாவுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு. "இதென்னங்க மாப்ள, காரா, இல்ல காருக்குப் பொறந்ததுங்களா?" என்பார். இரண்டே கதவு. கல்யாணத்துக்குப் போகும்போது அத்தைமார் முன்சீட்டை மடக்கிப் பின்னால் ஏறுவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். என்ஜின் 948 சிசி. நாலு பெரியவர்களும் ஒரு சிப்பம் சர்க்கரையும் ஏறினால் மேட்டில் முனகும். ஆனாலும் அதற்கென்று சில பெருமைகள் இருந்தன. பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே கார்புரேட்டரைக் கழற்றலாம். இருபத்தைந்து அடி அகலத்தில் முழுசாகத் திரும்பிவிடும், லண்டன் டாக்ஸி மாதிரி. தோட்டத்துச் சாளைக்குப் போகிற மாட்டுவண்டித் தடத்தில் மாமாவின் அம்பாசிடர் முன்னும் பின்னும் போய்த் திண்டாடுகிறபோது, அப்பா ஒரே வெட்டில் திருப்பி நிறுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டுவார்.

அப்பாவின் மனசுக்கு மிகவும் பிடித்தது, டிக்கிக்குள் இடது பக்கமாக இருந்த பெட்ரோல் டேங்க். அதன் மேலே ஒரு ரிசர்வ் பிடி உண்டு. பெட்ரோலை உறிஞ்சும் குழாய் சாதாரணமாக டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் மேலேயே நிற்கும். பெட்ரோல் அந்த மட்டத்துக்குக் கீழே போனால் வண்டி விக்கி நின்றுவிடும். இறங்கி, டிக்கியைத் திறந்து, பிடியைத் திருப்பினால் குழாய் அடிவரைக்கும் எட்டும். மிச்சமிருக்கிற பெட்ரோலில் பக்கத்து பங்க் வரை போய்ச் சேரலாம். வெள்ளைக்காரன் ஆபத்துக்கு என்று வைத்த ஏற்பாடு. அப்பா அதை அன்றாட ஏற்பாடாக ஆக்கிக்கொண்டார். எங்கள் ஹெரால்டு தன் வாழ்நாளில் பெரும்பகுதியை ரிசர்வில்தான் ஓட்டியது.

அதற்கு அவரிடம் காரணமும் இருந்தது. "டேங்க நெப்பி வெச்சா அந்தக் கனத்தையும் வண்டிதான கண்ணு இழுக்கோணும்? பெட்ரோல இழுக்கறதுக்கே பெட்ரோலு போவும்." மில் ஸ்டோரில் ஒரு போல்ட் அதிகமாகக் கிடந்தாலும் முடங்கின காசு என்று நினைத்தவருக்கு, டேங்கில் கிடக்கிற பெட்ரோலும் முடங்கின காசுதான். டேஷ்போர்டு முள்ளை அவர் நம்பியதே இல்லை. அதிகாலையில் பின்பக்கத்தைப் பிடித்து வண்டியை ஆட்டி, காதை வைத்துக் கேட்பார். உள்ளே சலசலப்பு கேட்டால் சத்தி வரைக்கும் போகும். கேட்காவிட்டால் அன்னூரில் போட்டுக்கொள்ளலாம். புளியம்பட்டி தாண்டி வண்டி நின்றால், இறங்கி டிக்கியைத் திறந்து பிடியைத் திருப்புவது மூத்த பிள்ளையான என் உத்தியோகம். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கி, பெட்ரோல் விலை எகிறியபோது ஊரே பதறியது. எங்கள் வீட்டில் மட்டும் எந்தப் பதற்றமும் இல்லை. நாங்கள்தான் முன்னமே ரிசர்வுக்கு வந்துவிட்டோமே.

சிக்கனத்துக்கு அடுத்தபடி அவருக்கு இருந்தது சந்தேகம். பங்க்கில் போடுகிற பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கும், தண்ணீர் இருக்கும், துரு இருக்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அந்தக் காலத்தில் அது ஒன்றும் வீண் பயமும் இல்லை. தோட்டத்துக்கு பேரலில் வருகிற பெட்ரோலைப் புனலில் மெல்லிய தோல் விரித்துத்தான் ஊற்றுவார். தோல் நனைந்து ஊறிவிட்டால் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. தோல் கிடைக்காத நாளில் அம்மாவின் பழைய வாயில் சேலை. அதற்கு அப்புறம் என்ஜின் பக்கத்தில் இன்னொரு காவல்: பெட்ரோல் பம்பின் தலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம், உள்ளே கம்பி வலை. மண்ணும் துருவும் கிண்ணத்தில் தங்கும், தண்ணீர் முத்து முத்தாக அடியில் உருண்டு நிற்கும், கண்ணால் பார்க்கலாம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து, கார்க் வாஷரை எண்ணெயில் ஊற வைத்துத் திரும்பப் பூட்டி, பம்பின் கைப்பிடியைத் தட்டித் தட்டிப் பெட்ரோல் ஏற்றுவார். கண்ணாடிக்குள் பெட்ரோல் நிரம்பினதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும். தணிக்கை முடிந்தது, கணக்கு நேர்.

மலைக்குப் போனால் மட்டும் தணிக்கை தோற்கும். மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியார் வருவதற்குள் என்ஜின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பு காற்றைத்தான் இறைக்கும், வண்டி நின்றுவிடும். அப்பாவுக்கு மட்டுமல்ல, ஊட்டிக்கு ஏறுகிற அம்பாசிடர், பியட் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எல்லாரிடமும் ஒரே வைத்தியம்: பம்பின்மேல் ஈரத்துணி. பர்லியாரில் மங்குஸ்தான் வாங்க வண்டியை நிறுத்தினோம் என்று எல்லாரும் சொல்வார்கள். வண்டி நின்றதால்தான் மங்குஸ்தான் வாங்கினோம் என்பது உள்ளபடியான விஷயம்.

பாலக்காட்டில் இருந்த ஒறம்பரை வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது வாளையாறு செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் டிக்கியைத் திறக்கச் சொல்வார். அப்போது இங்கே மதுவிலக்கு, அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். டேங்க் டிக்கிக்குள்ளேயே இருப்பதால் திறந்ததும் பெட்ரோல் நெடி குப்பென்று அடிக்கும். போலீஸ்காரர் சந்தேகத்தோடு மூக்கை உறிஞ்சுவார். "பெட்ரோலுங்க. வேற எதுவும் இந்த வண்டில ஏறாதுங்க" என்று அப்பா விறைப்பாக நின்று சொல்வார். அந்த வார்த்தையை அவர் காலம் முழுக்கக் காப்பாற்றினார்.

இந்த விறைப்புக்கு ஒரு பூர்வீகம் உண்டு. நாட்டிலேயே முதலில் மதுவிலக்கைப் பார்த்தது எங்கள் கொங்குச் சீமைதான். 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. அதே 1948-ல் தில்லியில் வேறொரு சட்டம் போட்டார்கள்: இந்திய பவர் ஆல்கஹால் சட்டம். சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து வடிக்கிற ஆல்கஹாலை மோட்டார் பெட்ரோலில் கலப்பதற்கான சட்டம் அது. மனுசனுக்குத் தடை, மோட்டாருக்கு அனுமதி, இரண்டும் ஒரே வருசத்தில். அப்பாவுக்கு இந்த இரண்டாவது சட்டம் தெரியாமலே போனது நல்லதாயிற்று. அரசாங்கமும் அதை ஏறக்குறைய மறந்துவிட்டது. 2000-ல், பழைய சட்டம், இனி வேண்டாம் என்று ரத்து செய்தார்கள். 2003-ல் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் பெட்ரோலில் 5 சதவீதம் எத்தனால் கலக்க உத்தரவு வந்தது. சட்டம் இருந்தபோது பெரிசாகக் கலக்கவில்லை. சட்டத்தை எடுத்த பிறகு கலந்தார்கள்.

வண்டிக்குக் கண்டதையும் ஊட்டுவது எங்கள் பக்கம் புதிதும் அல்ல. 1920-ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ் விட்டபோது அது பெட்ரோலில்தான் ஓடியது. இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் தமிழ்நாட்டு பஸ்களின் முதுகில் அடுப்பைக் கட்டினார்கள். கரியை எரித்து வருகிற வாயுவில் பஸ் ஓடிற்று. அப்பாவைப் பெற்ற அப்பாரு அதில் போயிருக்கிறார். கிளீனர் துருத்தியைச் சுற்றிச் சுற்றி மூச்சு வாங்குவானாம். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கி நடப்பார்களாம், பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து நிழலில் உட்கார்ந்திருப்பார்களாம். கரி தின்ற பஸ்ஸுக்குப் பேரன் முறையில் கரும்பு குடிக்கிற கார் வந்திருக்கிறது.

எண்பதுகளில் மாருதி வந்ததும் ஹெரால்டு தோட்டத்துச் சாளைக்கு ஓய்வுக்குப் போயிற்று. தார்ப்பாயின் கீழே வருசக்கணக்கில் கிடந்தது. பின்சீட்டில் கோழி அடை வைத்தது. அதைத் தயாரித்த கம்பெனியும் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்து நஷ்டப்பட்டுக் கதவைச் சாத்தியது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று நான் பலமுறை சொன்னேன். அப்பா கேட்கவில்லை. "கெடக்கட்டும், அதென்ன சோறா கேக்குது?" என்றார். அவர் போன பிறகும் கிடந்தது.

பிறகு காலம் திரும்பியது. 2015-ல் அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையார் ஜீடி கார் மியூசியத்தைத் திறந்தார்கள். எங்கள் மாமா சிரித்த மாதிரியான வண்டிகளையெல்லாம் அங்கே விளக்குப் போட்டு, மெருகேற்றி, ஒவ்வொன்றுக்கும் பலகை வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டும். அங்கே போய் வந்த என் மகன், கம்ப்யூட்டர் வேலைக்காரன், "அப்பா, நம்ம சாளைல இருக்கறது கிளாசிக்ப்பா" என்றான். அடை வைத்த கோழிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

பெயிண்ட், டிங்கரிங், சீட், வயரிங் எல்லாம் காசு கொடுத்தால் நடக்கிற வேலைகள். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என்ஜினும் எழுந்துவிட்டது. கணபதியில் ஒரு லேத்துப் பட்டறையில் பிஸ்டன் வேலையை முடித்தார்கள். அந்தக் காலத்தில் ஹெரால்டுக்கு இங்கிலாந்து பார்ட்ஸ் வேண்டுமென்றால் இம்போர்ட் லைசன்ஸுக்கு அலைய வேண்டும். அதனாலேயே எல்லாவற்றையும் நம் லேத்தில் கடைந்துகொண்டோம். இன்றைக்கு இங்கிலாந்தில் டிரயம்ப் பிரியர்கள் புண்ணியத்தில் வாஷர் முதல் டேங்க் மிதவை வரை செல்போனில் தட்டினால் கூரியரில் வருகிறது. கடைந்துகொடுக்கிற பெரியவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

வண்டி ஓடியது, ஆனால் சிங்காநல்லூர் தாண்டவில்லை. விக்கி விக்கி நின்றது. மெக்கானிக் சின்ன வயசுக்காரர், ஹெரால்டைவிட இருபது வயசாவது இளையவர். "லைன்ல ஒரு பில்டர் போட்டுட்லாங்க சார், எல்லாம் செரியாப் போயிரும்" என்றார். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் பில்டர், உள்ளே மடிப்பு மடிப்பாகத் தாள், வெளியே பெட்ரோல் போக வேண்டிய திசைக்கு ஓர் அம்புக்குறி. டேங்கிலிருந்து வருகிற குழாய்க்கும் பம்புக்கும் நடுவில் ரப்பர் ஹோஸில் அதைச் செருகி, இரு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கினார். சைலன்சர் சூடு படாத இடமாகப் பார்த்து வைத்ததில் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. ஊட்டிச் சாலை பார்க்காத பையனுக்கு அது தெரிந்திருக்கிறதே.

பில்டர் தன் வேலையைச் செய்தது. வெள்ளைத் தாள் மஞ்சளாகி, பழுப்பாகி, காப்பிப் பொடி நிறத்துக்கு வந்து அடைத்துக்கொண்டது. மாற்றினோம், அதுவும் அப்படியே. பங்க்கில் அழுக்குப் பெட்ரோல் போட்டுவிட்டார்கள் என்று மகன் சண்டைக்குக் கிளம்பினான். தாத்தாவின் ரத்தம். மெக்கானிக்தான் தடுத்தார். "பெட்ரோல் சுத்தமுங்க. அழுக்கு நம்ம டேங்க்லதான் இருக்குது. அதக் கெளப்பி உடறது பெட்ரோலுங்க."

நடந்தது இதுதான். பழைய பெட்ரோல் பல வருசம் கிடந்து காய்ந்தால் டேங்க் சுவரில் பிசின் மாதிரி ஒரு படலம் பிடிக்கும். வெறும் பெட்ரோல் அதைத் தொந்தரவு செய்யாது. இப்போது வருவதோ 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2022-ல் நாடு முழுக்க 10 சதவீதத்தை எட்டினார்கள், 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவையை அறிமுகப்படுத்தினார்கள், 2025-ல் எல்லா ஊர் பங்க்கிலும் அதுவே என்றாகிவிட்டது. எத்தனால் நல்ல கரைப்பான். நாற்பது வருசமாக உறங்கிக் கிடந்த பிசினைச் சுரண்டிக் கரைத்து, அதன் பின்னால் ஒளிந்திருந்த துருவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. அப்பா தோலிலும் சேலையிலும் வடிகட்டி வெளி அழுக்கு உள்ளே வராமல் பார்த்துக்கொண்டார். உள்ளே உருவான அழுக்குக்கு அவரிடம் வடிகட்டி இல்லை.

டேங்க்கைக் கழற்றிப் பார்த்தபோது இன்னொரு கணக்கும் தெரிந்தது. துரு அடியில் குறைவு. மேல் பாதியில்தான் அரித்துத் தின்றிருந்தது. மெக்கானிக் விளக்கடித்துக் காட்டினார். "எப்பவும் காலி டேங்க்கா வெச்சு ஓட்டிருக்கறாங்க. மேல இருக்கற காத்துல ஈரம் படிஞ்சு படிஞ்சு இப்படி ஆயிருக்குதுங்க. நெப்பி வெச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது." பெட்ரோலின் கனத்தை மிச்சம் பிடித்த சிக்கனம், டேங்க்கின் கனத்தையே குறைத்துவிட்டிருந்தது. ரிசர்வ் பிடியின் அச்சும் தேய்ந்திருந்தது. மெக்கானிக் ஆச்சரியப்பட்டார், இத்தனை ஹெரால்டு பார்த்திருக்கிறேன், இந்தப் பிடி தேய்ந்து பார்த்ததே இல்லை என்றார்.

டேங்க் வேலைக்கு உக்கடம் பக்கம் ஒரு ரேடியேட்டர் பட்டறைக்குப் போனோம். அங்கே இருந்த பெரியவர் முதலில் கேட்டது, "காலி டேங்க்குங்களா?" என்றுதான். காலிதான், பயமில்லை என்று மகன் சொன்னதும் அவர் இரண்டடி பின்னால் போனார். "நெறஞ்ச டேங்க்கு எரியும் தம்பி. காலி டேங்க்குதான் வெடிக்கும்." திரவம் வெடிப்பதில்லை, மிச்சமிருக்கிற ஆவி காற்றோடு கலந்து நிற்கும்போது ஒரு பொறி பட்டால் போதும். பல தடவை கழுவி, வாய்வரை தண்ணீர் நிரப்பி, பற்றவைக்கிற இடத்துக்குக் கீழே மட்டும் கொஞ்சம் இடம் விட்டு, பித்தளையில் பிரேசிங் செய்தார். எந்தப் படிப்பும் இல்லாமல் அந்தப் பெரியவரைத் தன் பட்டறையில் முழு உடம்போடு அறுபது வயசு வரை கொண்டுவந்து சேர்த்தது இந்த ஒரு கேள்விதான்.

அதன் பிறகு துரு எடுப்பது. அப்பா காலமாக இருந்தால் கூழாங்கல்லைப் போட்டு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கியிருப்பார்கள். இப்போது போல்ட் நட்டுகளை உள்ளே கொட்டி, கட்டிடம் கட்டுகிற இடத்தில் கான்கிரீட் மிக்ஸரோடு டேங்க்கைச் சேர்த்துக் கட்டி, மேஸ்திரிக்கு டீக் காசு கொடுத்துச் சுற்ற விட்டோம். பிறகு பாஸ்பாரிக் ஆசிட் கழுவல், தண்ணீர் கழுவல், உடனே கம்ப்ரசர் காற்றில் உலர்த்தல். தாமதித்தால் கண்முன்னேயே திரும்பத் துருப்பிடிக்கும். கம்ப்ரசர் நம்மூர் எல்ஜி. கடைசியில் உள்சுவரெல்லாம் படிகிற மாதிரி இரண்டு பாகக் கலவை எபாக்சியை ஊற்றி, எல்லாப் பக்கமும் உருட்டிக் காயவைத்தோம்.

அந்த டப்பாவை வாங்கும்போதுதான் அப்பா வாழ்நாளில் கேட்டிருக்காத கேள்வியை நான் கேட்டேன்: "இது ஆல்கஹால் தாங்குங்களா?" தாங்கும் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. தாங்காத வகைகளும் கடையில் உண்டு. அவை கொஞ்ச நாளில் உரிந்து, தாளாகச் சுருண்டு பில்டரை அடைக்கும். ஹோஸுக்கும் அதே கேள்வி, ஏனென்றால் பழைய ரப்பர் எத்தனாலில் ஊறினால் உப்பி வெடிக்கும். பம்பின் டயாபிரத்துக்கும் அதே கேள்வி. கார்புரேட்டர் மட்டும் பாவம். எத்தனாலுக்குள் இருக்கிற சக்தி லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். புது வண்டிகளில் சென்சார் அதைக் கண்டுபிடித்து அளவைக் கூட்டிக்கொள்ளும். ஹெரால்டில் அப்படி யோசிக்கிற உறுப்பு எதுவும் கிடையாது. மெயின் ஜெட்டை ஒரு நூல் பெரிசாகப் போட்டுவிட்டார் மெக்கானிக். மலையேறினால் ஆவி கட்டுகிற பழைய வியாதியும் தீரவில்லை. ஈரத்துணி டிக்கியில் இருக்கிறது.

டேங்க், பில்டர், ஹோஸ், மிதவை, பெயிண்ட், கூலி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். 1969-ல் அப்பா முழுக் காருக்குக் கொடுத்ததைவிட அதிகம். பில்லை அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது, கணக்கு மட்டும் மங்கவில்லை. "குடிகாரனக் கட்டிக் குடுத்தா இப்புடித்தான் கண்ணு. வகுத்துக்கே செலவு பண்ணோணும்" என்றாள்.

குடிக்காத பெட்ரோல் கிடைக்காதா என்று கேட்டால், கிடைக்கிறது. எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோல் பெரிய ஊர்களில் சில பங்க்குகளில் உண்டு. விலை சாதாரணப் பெட்ரோலைப்போல் ஒன்றரை மடங்கு. உயர்ந்த ரக வெளிநாட்டுக் கார்களுக்காக வந்தது. அதை ஹெரால்டுக்குப் போடுகிறவர்கள் கோவையிலேயே இருக்கிறார்கள். அப்பா காலத்தில் குடித்தால்தான் குடும்பம் அழியும். இப்போது குடிக்காமல் இருப்பதற்குத்தான் செலவு அதிகம். மண்ணெண்ணெய் கலந்தால் கேஸ், சாராயம் கலந்தால் கொள்கை என்று வந்த பிறகு, நாங்கள் கொள்கைப்படியே போட்டுக்கொள்கிறோம்.

அதோடு எனக்கு இந்தச் சாராயத்தை முழுசாகத் திட்டவும் வாய் வரவில்லை. 1912-ல் தொடங்கின கரும்பு இனப்பெருக்க நிலையம் எங்கள் கோவையில்தான் இருக்கிறது. வெள்ளைக் கரும்போடு காட்டில் கிடக்கிற பேய்க்கரும்பை இணைத்து, 1918-ல் அவர்கள் வெளியிட்ட கோ 205 தொடங்கி, நாட்டின் கரும்புக் காடுகளில் பெரும்பகுதிக்கு 'கோ' என்று எங்கள் ஊர்ப் பெயர்தான் முன்னால் ஒட்டியிருக்கிறது. அப்பாவும் கோ கரும்புதான் போட்டார். கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து போகிற நாட்டுச் சர்க்கரை பழனியில் பஞ்சாமிர்தமாகிறது. அதே கரும்பு ஆலைக்குப் போனால் அதன் மொலாசஸ் டேங்க்குக்குள் போகிறது. அப்பா கரும்பை விற்றுப் பெட்ரோல் போட்டார். இப்போது இடையில் காசு எதற்கு என்று கரும்பையே போடுகிறோம். சமீப காலமாகக் கரும்பைவிட மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும்தான் எத்தனால் அதிகம் வருகிறது. பல்லடம் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருக்கிற மாமன் மகன் இதைப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். தீவனச் சோளம் விலை ஏறிப்போய் அவனுக்குக் கோழியே கட்டுப்படியாகவில்லை. "என்ற கோழி திங்க வேண்டியத உன்ற காரு குடிக்குது மாப்ள" என்பான். பின்சீட்டில் ஒரு காலத்தில் கோழி அடை வைத்த வண்டி என்பதால் நான் பதில் பேசுவதில்லை.

சித்தப்பா மகன் இன்னும் கோபிப் பக்கம் கரும்புதான் போடுகிறான். போன பொங்கலுக்கு ஹெரால்டில் அங்கே போயிருந்தோம். டிக்கியைத் திறந்து, சரிபண்ணின டேங்க்கைக் காட்டினேன். பில்டரைக் காட்டினேன், தாள் வெள்ளையாகவே இருந்தது. ஒரு லிட்டரில் 200 மில்லி உங்களை மாதிரி ஆட்கள் விளைவிக்கிறதுதான் என்று விளக்கிச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான். வெட்டிக் கொடுத்த கரும்புக்கு ஆலையிலிருந்து இன்னும் பாக்கி வரவேண்டி இருந்தது.

"ஏனுங்கண்ணா, அப்பொ இதுல கொஞ்சம் என்ற கரும்புங்களா?"

"இருக்கலாம்டா."

"பங்க்ல காசு உடனே குடுத்துட்டீங்களா?"

"பின்ன? குடுக்காம உடுவாங்களா?"

"அடுத்த தடவ போடறப்ப சொல்லிப் பாருங்க," என்றான். "ஆலைக்காரங்க எங்களுக்குக் குடுத்தொடனே நாங்களும் குடுத்தர்றோம்னு."